பன்னிரண்டாம் நாள் பேப்பர்

வேங்கிக்காலில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. கலெக்டர் ஆபீஸில் நில அளவைப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன் அவர். வயல், மனை, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் படம் வரைகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகத்தான் இருந்தார். எனக்கு வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்து திருவண்ணாமலைக்கு வந்த புதிது. சாவியைக் கொடுக்கும்போது வழக்கமாக வீட்டுக்காரர்கள் சொல்வதெல்லாம் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தோம். ஆணி அடிக்காதே, மோட்டாரை நிறுத்த மறக்காதே என்று எதுவும் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சைக்கிள் ரேஸ் பத்தி எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாதுங்க. டிவில பாத்தாலும் சரி, போன்ல பாத்தாலும் சரி. தெரியாமக்கூட வாய்ல வந்துடக் கூடாது."

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை எங்கள் வாழ்க்கையில் சைக்கிள் ரேஸ் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. "சொல்ல மாட்டோம்க்கா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு மாடி ஏறினோம்.

காரணம் பொங்கல் விடுமுறையில்தான் தெரிந்தது. பொங்கல் கொடுக்கப் போனபோது அக்கா கட்டிலில் பெரிய பெரிய காகிதங்களைப் பரப்பி வைத்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் பழைய பிரெஞ்சு விளையாட்டுப் பேப்பர்கள். சில மஞ்சள் தாள், சில வெள்ளையாக இருந்து பழுப்பானவை. பக்கத்துக்குப் பக்கம் சைக்கிள்காரர்கள். மழையில் நனைந்தவர்கள், முகத்தில் சேறு அப்பியவர்கள், மலைப்பாதையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள்.

அக்கா கீழ்பென்னாத்தூர்க்காரர். பாண்டிச்சேரியில் கல்லூரிப் படிப்பு. அங்கே இரண்டாவது மொழியாக பிரெஞ்சு எடுத்தார். வகுப்பில் படித்துப் பழகுவதற்காக யாரோ கொடுத்த ஒரு பழைய விளையாட்டுப் பேப்பரில் தொடங்கியதுதான் இதெல்லாம்.

"கதைப் புத்தகம் எடுத்தா பக்கத்துக்கு முப்பது வார்த்தைக்கு டிக்‌ஷனரி பாக்கணும். இதுல அந்தத் தொல்லையே இல்ல. விழுந்தான், எழுந்தான், ஓட்டினான். அவ்ளோதான். ஒரு வாரத்துல மொழி புடிபட்டுடுச்சு" என்றார்.

மொழி பிடிபட்டதோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. பாண்டிச்சேரியின் பழைய பேப்பர் கடைகளில் தேடினார். வேலைக்கு வந்தபின் இங்கேயே தேடினார். மார்கழி பிறந்தால் செங்கம் ரோடு முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். மன அமைதி வேண்டும் என்று எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வந்து, டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து சுத்தமான பிரெஞ்சில் கேட்பார்: "உங்க தாத்தா வீட்டுப் பரண்ல பழைய விளையாட்டுப் பேப்பர் ஏதாச்சும் இருக்குமா?" கண்ணைத் திறந்தவர்களில் பலர் திகைத்துப்போவார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒரு அம்மா மட்டும் ஊருக்குத் திரும்பிப்போய், இறந்துபோன தன் அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பேப்பர்க் கட்டை அப்படியே பார்சலில் அனுப்பிவைத்தார்.

அந்தக் கட்டுதான் அக்காவின் பிரச்சினை.

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டுகிற பந்தயம் அது. ஒவ்வொரு நாளும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு. தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தையெல்லாம் கூட்டி, மொத்தத்தில் யாருக்குக் கம்மியோ அவருக்குத்தான் வெற்றி. அன்றன்றைக்கு முன்னால் இருப்பவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பு நடந்த ஒரு வருடத்துப் பந்தயம் முழுவதும் அந்தக் கட்டில் இருந்தது, ஒரு நாளைத் தவிர. பன்னிரண்டாம் நாள் பேப்பர் இல்லை.

அக்கா பதினோராம் நாள் வரை படித்தார். பதின்மூன்றாம் நாள் பேப்பரிலிருந்து கடைசி நாள் வரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, டேப் ஒட்டி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார். பன்னிரண்டு கிடைக்காமல் பதின்மூன்றைத் தொடுவதில்லை. அதற்குப் பிந்தைய வருடங்களின் பேப்பரையும் தொடுவதில்லை. எங்காவது பழைய வெற்றியாளர் பெயர் வந்துவிடும் அல்லவா? அதற்கு முந்தைய வருடங்களின் பேப்பரை மட்டும் வாங்கி வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடிவருவதற்கு முன்பே இப்படிச் சில வருடங்கள் ஓடியிருந்தன.

"அடுத்த நாள் பேப்பர்லயே முந்தின நாள் நடந்தது ரெண்டு வரி போட்டிருப்பானேக்கா?" என்றேன்.

"ரெண்டு வரிக்கு எதுக்கும்மா மலை ஏறணும்? பன்னெண்டாம் நாள்தான் மலை. நம்ம மலை மேல இன்னும் ரெண்டு மலையைத் தூக்கி வெச்ச மாதிரி உயரம். பாரு." டிரேசிங் ஷீட்டில் அந்த மலையின் ஏற்ற இறக்கத்தை அவரே வரைந்து வைத்திருந்தார். முதல் நாள் பேப்பரில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, அளவு மாறாமல். கோடு செங்குத்தாகப் போய் உச்சியில் நின்று மறுபக்கம் விழுந்தது.

அவருடைய தம்பி கீழ்பென்னாத்தூரில் விவசாயம் பார்த்தார். நிலக்கடலை, அந்த ஊரில் மல்லாட்டை, பிடுங்கினதும் ஒரு மூட்டையோடு வருவார். அக்காவின் இந்தப் பிடிவாதம் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் எங்கள் முன்னாலேயே போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு தட்டு தட்டுனா யார் ஜெயிச்சான்னு வந்துடப் போவுது. இதுக்குப் போய் இத்தினி வருஷமா பூட்டி வெச்சிருக்குது எங்கக்கா. தோ பாரு, சொல்லிடறேன்" என்றார்.

அக்கா எழுந்து வந்து, அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, சமையலறைக்குப் போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். தம்பி சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்வரை போன் வெளியே வரவில்லை. டிரம்முக்குள்ளேயே இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது.

பேப்பரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை என் மாமியார் வந்திருந்தபோது அவர், அக்கா, நான் மூன்று பேருமாக விடியற்காலை கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டியதும் மாமியாருக்குத் தலைசுற்றல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், குளுக்கோஸ் ஏற்றி, வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் கீழ்வீடு பூட்டியிருந்தது. பத்து மணிக்கு அக்கா வேர்த்து விறுவிறுக்க வந்தார். பஸ் ஏறி அடி அண்ணாமலை போய், முந்தின நாள் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மிச்சத்தை நடந்து முடித்திருக்கிறார்.

"சாமி இதையெல்லாமா கணக்குப் பாக்கும்?" என்றார் மாமியார்.

"சாமி பாக்காதும்மா. நான் பாப்பேன்."

ஆபீஸிலும் அதே கதைதான் என்று கேள்வி. ஒரு வயலுக்கு எல்லைக் கல் ஒன்று காணவில்லை. பக்கத்துக் கற்களை வைத்து உத்தேசமாக ஒரு புள்ளி வைத்தால் படம் முடிந்துவிடும். அக்கா புள்ளி வைக்கவில்லை. லீவு நாளில் சர்வேயரையும் இழுத்துக்கொண்டு வயலுக்குப் போய், வரப்பு ஓரமாக மதியம்வரை கடப்பாரையால் குத்தச் சொல்லி, மண்ணுக்குள் புதைந்திருந்த கல்லை எடுத்த பிறகுதான் கோடு போட்டாராம். அந்த சர்வேயர் என் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பிறகு அந்த மழை வந்தது. புயல் கரையைக் கடந்தும் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி, தெருவில் ஓடிய தண்ணீர் கீழ்வீட்டுக்குள் புகுந்தது. அக்கா அப்போது கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் இல்லை. போனில் கூப்பிட்டு, "கேஸ் சிலிண்டரை விடு, டிவியை விடு. மேல்தட்டுல இருக்கறதெல்லாம் தப்பிச்சிடும். கீழ்த்தட்டு கவரை மட்டும் மேல எடுத்துட்டுப் போய்டும்மா" என்றார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நாங்கள் எடுத்தபோது டேப் விட்டுப்போய் கவருக்குள் தண்ணீர் போயிருந்தது.

மறுநாள் அக்கா ஒரு பால் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார். வீடு முழுக்கச் சேறு. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மாடிக்கு வந்தார். எங்கள் கூடத்து வாசலில் நின்று, உள்ளே காலை வைக்காமல், "பிரிச்சிட்டீங்களா?" என்றார்.

"இல்லக்கா. நீங்க வரட்டும்னு..."

"பிரிங்க. நீங்க ரெண்டு பேரும்தான் பிரிக்கணும். நான் பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மாடிப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒட்டிக்கிடந்த தாள்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். என் கணவரின் வேட்டிகளை விரித்து, அதன்மேல் பரப்பி, ஃபேனைச் சுழலவிட்டு, பாதி காய்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஓட்டினோம். படியிலிருந்து குரல் மட்டும் வரும்.

"கிழியலையே?"

"இல்லக்கா."

"சூடு கம்மியா வெய்யிங்க."

"கம்மியாத்தான் இருக்குது."

"படத்தைப் பாத்தீங்களா?"

என் கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.

"பாத்தா பாத்துக்கோங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க."

பார்க்காமல் எப்படி இஸ்திரி போடுவது? பிரெஞ்சு தெரியாவிட்டாலும் படம் தெரியுமே. கடைசி நாள் பேப்பரின் முதல் பக்கத்தில் பெரிய படம். மஞ்சள் சட்டை போட்ட நெட்டையான ஒரு ஆள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் சின்னதாக இன்னொரு படம்; அதில் வேறொருவர் பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். காய்ந்ததும் எல்லாவற்றையும் புதுக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தோம். அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பிறகுதான் அக்கா கீழே இறங்கிச் சேற்றை வழிக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் நாள் பேப்பரைத் தேடி அக்கா எழுதியிருந்த கடிதத்துக்கு அடுத்த வருடம் பதில் வந்தது. கட்டை அனுப்பிய அதே பிரெஞ்சுக்கார அம்மா எங்கெங்கோ விசாரித்து, பெல்ஜியத்தில் ஒரு கிழவரைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். அவரிடம் பன்னிரண்டாம் நாள் பேப்பர் இருக்கிறது. ஆனால் விற்க மாட்டார். அதே பந்தயத்தில் அவருக்குக் கடைசி நாள் பேப்பர் இல்லையாம். அதைக் கொடுத்தால் இதைக் கொடுப்பேன் என்கிறார்.

அக்கா செய்தியைச் சொன்னபோது முகமெல்லாம் சிரிப்பு. "அவரும் நம்ம மாதிரி ஆளுதாம்மா."

"அவரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன். நீங்க உங்களுத எடுத்து அனுப்புங்க. பேப்பர் அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் என் கணவர்.

"அது போட்டோங்க. பேப்பர் இல்ல. அன்னிக்கு ஒருத்தன் கடையில வாங்கி மடிச்சு அக்குள்ல வெச்சிட்டுப் போனான் பாருங்க, அதைத்தான் நான் படிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசி நாள்ல ஒண்ணும் இருக்காதும்மா. நான் எத்தினி வருஷத்துப் பேப்பர் படிச்சிருக்கேன்? இருபதாம் நாளோட எல்லாம் முடிஞ்சிடும். கடைசி நாள் சும்மா ஊர்வலம் மாதிரி ஊருக்குள்ள வருவாங்க. யாரும் யாரையும் முந்த மாட்டாங்க. அந்தப் பேப்பர் போனா போவுது."

எனக்கு அந்த நடைபாதையும் தலையைப் பிடித்துக்கொண்ட கைகளும் கண்முன் வந்தன. ஊர்வலத்தில் வந்தவன் அப்படி உட்கார மாட்டான்.

"அக்கா, அதை அனுப்பாதீங்க" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அக்காவின் சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஏதோ பாத்திருக்க."

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத" என்றார். கொஞ்ச நேரம் கட்டிலின் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "சரி. கடைசி நாள்ல என்னவோ இருக்குது. இருக்கட்டும். ஆனா பன்னெண்டு இல்லாம நான் எப்படிப் பதிமூணுக்குப் போவேன்? பதிமூணுக்குப் போவாம கடைசி நாளை வெச்சிட்டு என்னா பண்றது?"

மறுநாள் அவரே கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்து, கடைசி பேப்பரை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார். முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தைத்து, பெரிய போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ரெஜிஸ்டர் செய்துவிட்டு வந்தோம். வரும் வழியில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவ்வளவுதான்.

பெல்ஜியத்துப் பார்சல் வந்ததும் உடனே பன்னிரண்டைப் படித்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அவரை இன்னும் சரியாகத் தெரியவில்லை. பந்தயத்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினார். நாளுக்கு ஒரு பேப்பர். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, கால் கழுவி, காபி போட்டு, ஒரு பேப்பர். முடித்ததும் மாடிக்கு வந்து எங்களுக்குச் சொல்வார். எங்களுக்கும் அது பழகிவிட்டது. வீட்டுக்குள் வரும்போதே என் கணவர், "இன்னிக்கு என்னா ஆச்சாம்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பந்தயத்தில் இருவர் முக்கியம். அக்கா ஒருவனை நெட்டையன் என்பார். இன்னொருவனை, அவன் அப்பா பால் வியாபாரம் செய்தவர் என்று போட்டிருந்ததால், பால்காரன். பன்னிரண்டாம் நாள் மலையில் பனிமூட்டம். இறக்கத்தில் வழி தெரியாமல் நெட்டையன் பாதையை விட்டு ஒரு ஆட்டுப்பட்டிக்குள் விழுந்திருக்கிறான். சேற்றில் ஒரு ஷூ போய்விட்டது. தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஏறி உட்கார்ந்து, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக அடுத்த மலையையும் ஏறி முடித்து, மஞ்சள் சட்டையை வாங்கியிருக்கிறான்.

"ரெண்டு வரில போட்டிருப்பான்னியே" என்றார் அக்கா என்னிடம். கண்கள் பளபளவென்றிருந்தன. "பாதி பக்கம்மா. அந்த ஷூவைப் பத்தி மட்டும் பாதி பக்கம்."

அதற்குப் பிறகு அவர் நெட்டையன் பக்கம். பால்காரன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். பதினேழாம் நாள் அக்காவுக்குக் காபி இறங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் நெட்டையனுக்குக் காய்ச்சல். எனக்கும் என் கணவருக்கும் முகத்தை வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. அக்கா படியேறி வரும் சத்தம் கேட்டால் நான் சமையலறைக்குப் போய் எதையாவது கழுவத் தொடங்குவேன்.

இருபதாம் நாள் மாலை அவர் வந்து, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றார். நெட்டையன்தான் இன்னும் முன்னால். ஆனால் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

"அக்கா, வேணும்னா..." என்று தொடங்கினேன்.

"வேணாம். அனுப்பாதீங்கன்னு நீ சொன்னதுலயே பாதி சொல்லிட்ட. மீதியை நான் படிச்சுக்கறேன்."

"எப்படி? பேப்பர்தான் இல்லையே?"

"ஏன் இல்ல? அந்தக் கிழவர் வீட்டுல இருக்குது."

நான் அதை அவர் ஆற்றாமையில் சொன்னதாக நினைத்தேன். சில மாதங்களில் எனக்குக் கடலூருக்கு மாற்றல் வந்து நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். அக்கா ஓய்வு பெற்றார். ஒருநாள் அவருடைய தம்பி எனக்குப் போன் செய்து, "நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா. பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்து நிக்குது. பெல்ஜியம் போவுதாம். இதே பீரோவுல எத்தினியோ வருஷம் கெடந்த பேப்பரைப் படிக்க பிளேன்ல போறேங்குது" என்று புலம்பினார்.

"நான் சொன்னா கேப்பாங்களாண்ணா?"

"கேக்காது" என்றார் அவரே. பிறகு கொஞ்சம் தணிந்து, "ஸ்வெட்டர் வாங்கணுமாம். சென்னைக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்" என்றார்.

அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாவே அழைப்புக் கடிதம் கொடுத்து, விசா கிடைக்கும்வரை கூடவே நின்றிருக்கிறார். ஒரு கோடைகாலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார்.

நான் பண்ருட்டி பக்கம் ஒரு பலாத் தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். மதியம். போன் அடித்தது. நீளமான எண். எடுத்தேன்.

"படிச்சிட்டேன்" என்றார் அக்கா.

நான் தோப்பை விட்டு ரோட்டோரம் வந்தேன். "எங்கக்கா இருக்கீங்க?"

"அவர் வீட்டுலதான். எதிர்லயே உக்காந்திருக்கார். அவரும் அழுவுறாரு. ஊருக்குள்ள நுழையற எடத்துல நெட்டையனுக்கு டயர் பஞ்சராயிடுச்சு. வேற சக்கரம் வர லேட்டு. அதுக்குள்ள அவன் போய்ட்டான், பால்காரன்."

அது நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன என்று சொல்லலாம். அந்த ஆள் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்று சொல்லலாம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அன்னிக்கு ராத்திரி நெட்டையன் சாப்பிட்டிருப்பானாடி?" என்று கேட்டார்.